அக்கரையில் அத்தை

காற்று மாதம் 6

சாம்பல் தண்ணீர் இன்று சரியாக இறங்கவில்லை. ஈரச் சாம்பல். எத்தனை தடவை சொன்னாலும் நனைந்ததைத்தான் கூடையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கொழுப்பு உருகி நிற்கிறது, காரம் ஏறவில்லை. பகல் முழுக்கக் கிண்டியும் சோப்பு வரவில்லை. வந்தது கூழ்.

அத்தை எட்டிப் பார்த்து, "இதை வெச்சு யாரைக் குளிப்பாட்டப் போற? எருமையா இருந்தாலும் எந்திரிச்சு ஓடிடும்" என்றார். என் மாமியாருக்கு யாரையும் பாராட்டிப் பழக்கமில்லை. குறை கண்டுபிடித்துவிட்டால் மட்டும் முகம் தெளிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தார். கிழக்கே ஒரு கட்டடத்தின் சுவரை உடைத்துச் செம்புக் கம்பி உருவினார்களாம். கையெல்லாம் கீறல். அந்தக் கூழையே போட்டுக் கழுவிவிட்டேன். எரியுது எரியுது என்று அவர் குதித்ததைப் பார்த்து எங்கள் மகள் குட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

காற்று மாதம் 8

முதல் தளத்தில் கொத்தனாருக்குப் புள்ளிக் காய்ச்சல். மத்தியானத்துக்குள் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

சரிவுப் பாதை வழியாகத்தான் இறக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் கட்டம் மூன்றாம் தளத்தில், பாதை திரும்பும் இடத்தில் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் கீழே எல்லாம் தெரியும். முன்னவர்கள் வண்டிகளை நிறுத்துவதற்காகக் கட்டிய கட்டடம் இது என்று என் அப்பா சொல்வார். "மனுஷனுக்கே படுக்க இடமில்ல, வண்டிக்கு மாடி மேல மாடியா?" என்று அத்தை நம்ப மாட்டார். ஒரு குடும்பத்துக்கு ஒரு கட்டம், நடுவில் வெள்ளைக் கோடு. எங்களுடையது மூலை என்பதால் ஒன்றரைக் கட்டம். அதற்காக அக்கம்பக்கத்தில் இன்னும் பொறாமை. தரை சாய்வாக இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. குட்டி படுப்பது ஓர் இடம், விடிவது வேறு இடம்.

கொத்தனார் அழவில்லை. அவர் மனைவிதான் பாலத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புள்ளி வந்தால் போக வேண்டும், போனால் வரக் கூடாது. தளக் கூட்டத்தின் சட்டம் அது. பாலத்தின் நடுவில் சில நாள் சோறு வைப்பார்கள். அப்புறம் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து எப்போதாவது புகை தெரியும். பேய்கள் சமைக்கின்றன என்பார்கள் பெரியவர்கள். செத்தவர்களுக்கு எதற்குச் சமையல் என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

என் நாத்தனார் போய் மூன்று வருடம். அதற்குப் பிறகு அத்தை அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

காற்று மாதம் 9

குட்டி ஒரே அழுகை. கையில் ரத்தப்பொட்டு. பார்த்தால், அத்தை தையல் ஊசியால் குத்தியிருக்கிறார்!

முன்னவர்கள் குழந்தைகளுக்கு ஊசி போடுவார்கள், அதனால் புள்ளி வராது என்று எப்போதோ நான்தான் சொல்லித் தொலைத்தேன். அப்பா சொன்னது. என்ன ஊசி, எதில் தோய்த்தது, அப்பாவுக்கே தெரியாது. ஊசி என்ற சொல் மட்டும் எங்களிடம் மிஞ்சியிருக்கிறது.

கத்தலாம் என்று போனேன். அத்தையின் கையிலும் ஒரு பொட்டு ரத்தம். முதலில் தன்னைக் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கத்தவில்லை.

காற்று மாதம் 13

மணிக்கட்டில் இரண்டு. கழுத்தில் ஒன்று.

உடம்பு வலியை அடுப்பு வெக்கை என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா? முதல் தளத்துக்கு சோப்பு கொடுக்கப் போனேனே, கொத்தனார் வீட்டுத் துணியைத் தொட்டேனே.

வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டேன். மறைக்க முடியாது. குட்டி இருக்கிறாள். அவளைக் கிட்டே வராதே என்று சொன்னேன். ஏன்மா, நான் என்ன பண்ணேன் என்கிறாள். என்னடீ சொல்றது உனக்கு. தலை யாரு வாரிவிடுவா உனக்கு. அப்பாவுக்குப் பின்னவே தெரியாதே.

கைக்குக் கிடைத்த காகிதங்களை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் முன்னவர்களின் அச்சு, மறுபக்கம் காலி. எதற்கு எடுக்கிறேன் என்று தெரியவில்லை.

காற்று மாதம் 14

கடந்துவிட்டோம். தனியாக இல்லை. தலை சுற்றுகிறது, அப்புறம்

மழை மாதம் 2

இன்று முதல் தடவையாக உட்கார முடிகிறது. தேதி நாத்தனார் சொன்னது. ஆமாம், நாத்தனார்தான். ஒழுங்காக எழுதுகிறேன்.

அன்று கதவருகே அவர், "நானும் கூட வரேன்" என்றார். குட்டியை யார் பார்ப்பது என்றேன். "அம்மா பார்த்துப்பாங்க."

பின்னால் அத்தை ஒரு மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "நான் பார்க்க மாட்டேன். பெத்தவன் நீ பாரு. நான் இவகூடப் போறேன்."

"அம்மா, போனா திரும்பி வர முடியாது."

"எனக்குத் தெரியாததா? போன தடவையும் இந்தக் கதவு வரைக்கும் வந்தவதானே நான். கதவு வரைக்கும் வந்து நின்னுட்டேன்." மூட்டை முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். "இன்னொருத்தியைத் தனியா அனுப்ப என்னால ஆகாது."

கதவுக்காரர் தடுத்தார். "உங்களுக்குத்தான் புள்ளி இல்லையேம்மா."

"வரும்டா. கதவைத் திற."

என்னால் சிரிக்கக்கூட முடியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் சமையலிலும் சோப்பிலும் நடையிலும் குற்றம் கண்ட மனுஷி. பாலத்தில் பலகை இல்லாத இடங்களில் என்னைத் தோளோடு அணைத்துத் தாண்ட வைத்தார். "பார்த்துக் கால வை, கண்ணு பிடரியிலயா இருக்கு" என்று அங்கேயும் திட்டு.

பாலம் முடிகிற இடத்தில் இரண்டு பேர் ஒரு கதவுப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கிடத்துவதற்கு. முன்னால் வந்தவளுக்கு முகமெல்லாம் தழும்பு, நெற்றியில் தனியாக ஒரு பெரிய வெட்டு. "அண்ணி" என்றாள். குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பேய் என்று பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

பிறகு அவள் என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கிறாள்.

"நீ எதுக்கு வந்தே?"

"இவளுக்கு உடம்பு சரியில்ல" என்றார் அத்தை.

"எனக்கும்தான் சரியில்லாம இருந்துச்சு."

அதோடு பலகையைத் தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

மழை மாதம் 4

இங்கே முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். எல்லோரும் செத்துப்போனார்கள் என்று நாங்கள் அழுது முடித்துவிட்டவர்கள். விறகுக்காரர் இருக்கிறார். இரண்டாம் தளத்துத் தையல்காரி இருக்கிறாள், அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டது அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை.

கொத்தனார் இல்லை. நான் வருவதற்கு முதல் நாள் போய்விட்டார். எல்லோரும் பிழைப்பதில்லை. ஆனால் பாதிக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். மருந்து ஒன்றும் கிடையாது. கொதித்து ஆறிய தண்ணீர், கஞ்சி, சுத்தமான துணி, பக்கத்தில் ஓர் ஆள். அவ்வளவுதான். ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வராது, பொருக்கு உதிர்ந்துவிட்டால் அவர்களிடமிருந்து ஒட்டவும் ஒட்டாது என்கிறாள் நாத்தனார். எத்தனையோ பேரைத் தொட்டுத் தெரிந்துகொண்டது.

தங்கியிருக்கும் இடம் ஒரு பெரிய கூடம். வரிசை வரிசையாக நாற்காலிகள், எல்லாம் ஒரே வெள்ளைச் சுவரைப் பார்த்து. முன்னவர்கள் இத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்து எதற்கு ஒரு சுவரைப் பார்த்தார்கள்? யாருக்கும் தெரியவில்லை. நாற்காலி மெத்தைகளைப் பிய்த்துத்தான் எங்களுக்குப் படுக்கை.

நாத்தனார் என்னைக் கழுவுகிறாள், ஊட்டுகிறாள், குட்டியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறாள். அத்தை பக்கம் மட்டும் திரும்புவதில்லை. அத்தை தண்ணீர் தூக்குகிறார், துணி அலசுகிறார், யார் வேலை சொன்னாலும் செய்கிறார். ஒரு குறையும் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மழை மாதம் 7

இன்று கேட்டுவிட்டாள்.

நெற்றி வெட்டு எப்படி வந்தது என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பிழைத்து எழுந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பாலத்தில் ஓடியிருக்கிறாள். கதவுக்கு மேலிருந்து கல் விழுந்திருக்கிறது. இங்கே இருக்கிற பலருக்கும் இதே கதை. அதனால்தான் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

சொல்லிக்கொண்டே திரும்பினாள். "அன்னிக்கு அம்மா அம்மான்னு கத்தினேன். கேட்டுச்சா உனக்கு?"

அத்தை பிழிந்துகொண்டிருந்த துணியை விடவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"கேட்டுச்சு."

"என் குரல்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. பேய் உன் குரல்ல கூப்பிடுதுன்னு சொன்னாங்க. நம்பிட்டேன். நம்புறதுதான் சுலபமா இருந்துச்சு."

நாத்தனார் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மழை மாதம் 8

அத்தைக்குக் காய்ச்சல்.

மழை மாதம் 11

புள்ளி முகமெல்லாம். என்னுடையதைவிட மோசம். வயதாயிற்று இல்லையா. வாயைத் திறக்க முடியவில்லை, இருந்தாலும் கஞ்சியில் உப்பு கம்மி என்றார். திட்டுகிறவரை உயிர் இருக்கிறது.

மழை மாதம் 13

திட்டவில்லை இன்று.

எனக்காக வந்தார். நான் என்ன செய்தேன் இவருக்கு? எதிர்த்து எதிர்த்துப் பேசினேன். சாம்பல் கூடையை வேண்டுமென்றே இவர் படுக்கிற பக்கம் வைப்பேன். ஐயோ அத்தை, எந்திரிச்சிடுங்க. நான் எந்தப் பக்கம் வேணாலும் மாத்தி வெச்சுக்கறேன்.

மழை மாதம் 14

நாத்தனார் அத்தையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பொருக்காகத் துணியை நனைத்து ஒற்றி எடுக்கிறாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நான் கொஞ்சம் பார்த்துக்கறேன் நீ படு என்றால் முறைக்கிறாள்.

"மன்னிச்சிட்டியா?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"இல்ல. சாகப்போறவளைத் திட்டி என்ன அண்ணி பிரயோஜனம்? எந்திரிச்சு உக்காரட்டும். அப்புறம் இருக்கு."

மழை மாதம் 19

பிழைத்துவிட்டார். இடது கண் போய்விட்டது. மற்றபடி முழுசாக இருக்கிறார். எழுந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சு: "இந்த மெத்தைய யாரு தைச்சா? குழந்தை தைச்ச மாதிரி இருக்கு."

கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். தைத்த தையல்காரியும் சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

மழை மாதம் 26

பாலத்தின் நடுவரை போனேன். கதவுக்கு மேலே ஆள் தலை தெரிந்ததும் திரும்பிவிட்டேன். கல்லுக்குப் பயமில்லை. குட்டி அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தால்? அம்மா குரலில் பேய் என்று அவளுக்கு யாராவது சொல்லியிருந்தால்?

பனி மாதம் 3

காலையில் பாலத்தில் சத்தம். கதவுக்காரர் தன் மனைவியை முதுகில் சுமந்துகொண்டு நடுப்பாலம் வரை வந்துவிட்டார். அவளுக்குப் புள்ளி. அங்கே இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். அவரால் கையை எடுக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனாரும் விறகுக்காரரும் கதவுப்பலகையோடு போனார்கள். பின்னால் நானும் அத்தையும். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கையில் கல் இருந்தது. எறிவாரோ என்று நின்றுவிட்டோம்.

அத்தைதான் வாயைத் திறந்தார். "ஏன்டா, பொண்டாட்டிய இப்படியா குளிர்ல வெறுந்தரையில உக்கார வெப்ப? உனக்கு எவன்டா கதவு வேலை குடுத்தான்?"

கதவுக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். கல் கையிலிருந்து நழுவியது. "அம்மா... நிசமாவே நீங்கதானா?"

"பின்ன, பேய் வந்து உங்கிட்ட நியாயம் பேசுமா? தள்ளு."

நாத்தனார் குனிந்து அவர் மனைவியைத் தூக்கினாள். நாத்தனாரின் நெற்றி வெட்டைக் கதவுக்காரர் பார்த்தார். அந்தக் கல்லை எறிந்தது அவராகத்தான் இருக்க வேண்டும். வேறு யார்? அவளுக்கும் தெரியும். "மாத்துத் துணி கொண்டாங்க, சோறு கொண்டாங்க. தினமும்" என்று மட்டும் சொன்னாள்.

பனி மாதம் 6

தினமும் வருகிறார். நேற்று மூன்று பேருக்கான சோறு கொண்டுவந்தார், இன்று பத்துப் பேருக்கு. அவருக்கு எங்கே கிடைக்கிறது என்றால், தளம் தளமாகப் போய், உங்கள் ஆள் அக்கரையில் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறாராம். சிலர் கதவைச் சாத்துகிறார்களாம். சிலர் சோற்றுப் பாத்திரத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்களாம்.

என் வீட்டுக்குப் போனீங்களா என்று கேட்டேன். போனாராம். என் வீட்டுக்காரர் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். குட்டி மட்டும், "எங்கம்மாவுக்கு முடி இருக்கா?" என்று கேட்டாளாம்.

பாதி உதிர்ந்துவிட்டது. இருக்கு என்று சொல்லச் சொன்னேன்.

பனி மாதம் 15

கதவுக்காரர் மனைவி எழுந்து நடக்கிறாள்.

தளக் கூட்டத்தில் பெரிய ரகளையாம். மேல்தளத்தார் சட்டம் சட்டம் என்று குதித்திருக்கிறார்கள். கதவுக்காரர் தாழ்ப்பாளைக் கழற்றிக் கொண்டுபோய்க் கூட்டத்தின் நடுவில் போட்டுவிட்டு, "இத்தனை வருஷம் நான் பூட்டினேன். இனிமே எனக்குக் கை வராது. யாருக்கு வருமோ வந்து எடுத்துக்கங்க" என்றாராம்.

யாரும் எடுக்கவில்லை. பொருக்கு உதிர்ந்து ஒரு பிறை கழிந்தவர்கள் வரலாம், வேண்டியவர்கள் போய்ப் பார்க்கலாம் என்று கடைசியில் முடிவாகியிருக்கிறது.

பனி மாதம் 17

வீட்டில் எழுதுகிறேன். குட்டி என் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள், கால் மரத்துவிட்டது, நகர்த்த மனமில்லை.

கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் பெரிய கூட்டம். யாரும் கிட்டே வரவில்லை, யாரும் கல்லும் எடுக்கவில்லை. குட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்து அவர் பின்னால் ஒளிந்தாள். தழும்பு. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் தலையை மட்டும் நீட்டி, "நீ பேசு" என்றாள்.

என்ன பேசுவது? "ஏன்டீ, இந்தப் பின்னலை யாரு போட்டா, கயிறு முறுக்கின மாதிரி?" என்றேன். அத்தை பேசுவதுபோலவே வந்துவிட்டது.

ஓடி வந்து மோதினாள்.

அவர் என் தோளுக்கு மேல் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா எங்க?"

அத்தை வரவில்லை. காலையில் என் மூட்டையைக் கட்டிக்கொடுத்தார், அவருடையதைக் கட்டவில்லை. கிளம்புங்க அத்தை என்றேன். நாத்தனார் வர மாட்டேன் என்கிறாள், காய்ச்சல்காரர்கள் வந்தால் யார் பார்ப்பது என்று. அவளுக்காக இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இவ இன்னும் என்னைத் திட்டியே முடிக்கல. பாதியில விட்டுட்டு வரக் கூடாது, போ."

பனி மாதம் 28

மூன்று பேரும் அக்கரைக்குப் போயிருந்தோம். கூடத்தை நெருங்கும்போதே சத்தம். நாத்தனார் குரல். அந்தக் கதவு, அந்தக் கல், காய்ச்சலில் தண்ணீருக்குத் தவித்த நாள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கத்திக்கொண்டிருந்தாள். நடுநடுவே அழுகை. வாசல் வழியாகப் பார்த்தேன். எங்கள் அத்தை, ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் சொல்கிற அத்தை, ஒற்றைக் கண்ணால் மகளையே பார்த்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரர் பதறிப்போய் உள்ளே நுழையப் பார்த்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

வெளியே வெயிலில் உட்கார்ந்துகொண்டோம். குட்டிக்குத் தலை வாரிவிட்டேன். வெகு நேரம் கழித்து உள்ளே குரல் இறங்கியது. பிறகு நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்பது கேட்டது.

"நீ முடிச்சுட்டுச் சாப்பிடலாம்னு இருந்தேன்."

"இன்னிக்கு இவ்வளவுதான். எந்திரி."